கிளட்ச்சுக்காக எஞ்சினை இறக்குகிறோம், அப்போதே அதையும் பிரித்துச் செய்துவிடலாமா? 1972 எம்ஜிபி பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வைத்திருக்கிறீர்கள். மேட்டில் நாலாவது கியரில் மிதித்தால் எஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப் புகை வருகிறது. நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலையில்) ஆயில் பிரஷர் முள் 10 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) கீழே போகிறது. கிளட்ச் மாற்ற எப்படியும் எஞ்சினை இறக்க வேண்டும் என்பதால், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் அடங்கிய முழு கிட் ஒன்றை இப்போதே வாங்கி வீட்டு கராஜிலேயே எஞ்சினைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி இதுதான்: எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று வண்டி உண்மையாகவே சொல்கிறதா, இல்லை இறக்கியதே இறக்கினோம் என்று பிரிக்கப் போகிறோமா? இதற்கு விடை வண்டியில்தான் இருக்கிறது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விடையை வாங்கிக்கொள்ள வேண்டும். கிட்டை இப்போது வாங்காதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் கிளட்ச். இந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக் முறையில் இயங்குகிறது, தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும், கையால் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. வழுக்கினால் மூன்று காரணம் இருக்கலாம். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங் தேய்ந்திருக்கலாம், லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், அல்லது பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் பிரஷர் தங்கி கிளட்ச்சை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கலாம். மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் துளை அடைத்துக்கொண்டாலோ, வளையும் ரப்பர் குழாய் உள்ளே ஊதிக்கொண்டாலோ இப்படி ஆகும். சோதனை எளிது. கிளட்ச் வழுக்கும் நிலையில் வண்டியை நிறுத்தி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீட் நிப்பிளை (திரவத்தை வெளியே விடும் சின்னத் திருகை) ஒரு கணம் திறந்து மூடுங்கள். திரவம் பீறிட்டு, அதன் பிறகு வழுக்கல் நின்றால் எஞ்சினை இறக்கவே வேண்டாம், ஒரு குழாயோ மாஸ்டர் சிலிண்டரோ போதும். எதுவும் மாறவில்லை என்றால் கோளாறு உள்ளேதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது புகை. ஸ்டார்ட் செய்ததும் வந்து கொஞ்ச நேரத்தில் நிற்கும் நீலப் புகை, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது ஒரு கொத்தாக வரும் புகை, இவை இரண்டும் பெரும்பாலும் வால்வ் கைடு, வால்வ் சீல் வழியாக ஆயில் கசிவதன் அடையாளம். ரிங் தேய்ந்த எஞ்சின் பாரம் இழுக்கும்போது விடாமல் புகைக்கும், கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயிலும் புகை தள்ளும். நீங்கள் சொல்வது முதல் வகை. அப்படியென்றால் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் இருக்கும் பாகம்) வேலை பெரும்பாலும் தேவை. போர் அடிக்க, அதாவது சிலிண்டர் துளையைக் (போர்) கடைந்து அகலமாக்க வேண்டுமா என்பது இன்னும் தெரியாத விஷயம். அதற்கு கம்ப்ரெஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ, ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

ஆயில் பிரஷரைப் பொறுத்தவரை, டேஷ்போர்டு மீட்டரை மட்டும் நம்பி ஒரு எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. சரியென்று தெரிந்த வேறொரு மீட்டரை நேரடியாகப் பொருத்திப் பாருங்கள். இந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் தந்த கணக்கு, ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25. ஐடிலில் 8 காட்டி, சாலையில் 60 காட்டினால் அது வயதான எஞ்சின், அவசரமில்லை. சூடான நிலையில் 3,000 சுற்றிலும் 40-ஐத் தாண்டவில்லை என்றால்தான் பேரிங், பம்ப், ரிலீஃப் வால்வ் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். ரிலீஃப் வால்வ் பிளாக்கின் பின்பக்கம் இடது ஓரத்தில் ஒரு குமிழ் நட்டுக்குள் இருக்கிறது. அதன் ஸ்பிரிங் சுருங்காத நிலையில் 3 அங்குலம் (76 மி.மீ) இருக்க வேண்டும். வால்வ் முகத்தில் ஒரு தூசித் துணுக்கு மாட்டியிருந்தாலும் பிரஷர் விழும். பத்து நிமிட வேலை, முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை எஞ்சினையும் கிளட்ச்சையும் சேர்த்துப் பார்ப்பது. ஒருவர் கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் முன்னால் நின்று, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்கின் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்கை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது நடு மெயின் பேரிங்கின் இருபுறமும் இருக்கும் பிறை வடிவ வாஷர்கள்தான். அனுமதிக்கப்பட்ட அசைவு 0.004 முதல் 0.005 அங்குலம் (0.10 முதல் 0.13 மி.மீ). இதைக் கண்ணால் பார்க்க முடியாது, டயல் கேஜ் வேண்டும். கண்ணுக்கே தெரிகிறதென்றால் கம்ப்ரெஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பைத் திறந்தே ஆக வேண்டும். வாஷர் உதிர்ந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும்.

இந்தச் சோதனைகள் முடிந்ததும் மூன்றில் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்: கிளட்ச் மட்டும், கிளட்ச்சும் ஹெட்டும், அல்லது முழு எஞ்சின். முழு எஞ்சின்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். மற்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடும்.

உங்கள் வண்டியில் இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பத்தின் 1,798 சிசி எஞ்சின், 18வி வகை. போர் 80.26 மி.மீ, ஸ்ட்ரோக் 88.9 மி.மீ, ஐந்து மெயின் பேரிங். நம் ஊரில் இசுசு எஞ்சின் வருவதற்கு முன் அம்பாசடரில் இருந்த 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பம்தான், ஸ்ட்ரோக்கூட ஒன்றேதான். அதனால் அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவர் சொல்வது பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். ஆனால் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பாகங்களை வாங்கி வராதீர்கள். அம்பாசடரின் போர் 73 மி.மீ, மெயின் பேரிங் மூன்றே மூன்று. பிஸ்டனும் ரிங்கும் கிராங்கும் இதில் ஏறாது.

எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளட்ச் மாற்ற முடியாது. எஞ்சின் மேலே வந்தாக வேண்டும். கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டு எஞ்சினை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. எடுப்பது சுலபம், திரும்ப இணைக்கும்போதுதான் சிரமம். கியர்பாக்ஸ் ஷாஃப்டை நேர்க்கோட்டில் கொண்டுவர முடியாமல் எஞ்சினின் பாரம் புது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கிவிட்டால் பிளேட் வளைந்துவிடும். அதன் பிறகு கிளட்ச் சரியாக விடாது, அல்லது வண்டி எடுக்கும்போது உதறும். முதல்முறை செய்பவர் இரண்டையும் சேர்த்தே எடுப்பது நல்லது. பானட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் தகடு, கார்புரேட்டர்கள், எக்ஸாஸ்ட் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நாலு போல்ட், ஸ்பீடோ கேபிள், ஓவர்டிரைவ் இருந்தால் அதன் வயர், உள்ளே இருந்து கியர் லீவர், இவை எல்லாம் கழன்ற பிறகு கியர்பாக்ஸ் ஆயிலையும் வடித்துவிடுங்கள், ஏனென்றால் வெளியே வரும்போது வெகுவாகச் சாயும். ஸ்லேவ் சிலிண்டரை இரண்டு போல்ட் கழற்றி, குழாயைப் பிரிக்காமல் ஓரமாகக் கட்டி வைத்தால் பிறகு காற்று எடுக்கும் வேலை மிச்சம். அதுவரை யாரும் பெடலைத் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்து சுமார் 200 கிலோ. அரை டன்னுக்குக் குறையாத ஹாயிஸ்ட் வையுங்கள், தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

பிரிக்கும்போது ஒரு விஷயம் இந்த எஞ்சினுக்கே உரியது. ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ராக்கரை மட்டும் கழற்றுகிறேன் என்று அந்த நாலைத் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்து கோணிக்கொள்ளும், கேஸ்கெட்டும் கெடும். கூலன்ட்டை வடித்துவிட்டு, எல்லா நட்டையும் உரிய வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். புஷ் ராடு, டாப்பெட், வால்வ் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தியோ எண் போட்டோ வையுங்கள். மெயின் பேரிங் கேப்பும் கனெக்டிங் ராடு கேப்பும் எந்த எண், எந்தத் திசை என்று குறிக்காமல் ஒன்றையும் கழற்றாதீர்கள். அவை ஜோடியாகச் சேர்த்து வைத்துத் துளையிடப்பட்டவை. ஒரு கேப்பைத் திருப்பிப் போட்டால் புதுப் பேரிங்கே சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.

கிட்டை வாங்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இந்த இடத்தில் வருகிறது. பழைய பேரிங்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எஞ்சினை யாராவது ஏற்கெனவே ஒருமுறை திறந்திருக்க வாய்ப்பு அதிகம். முதுகில் 010 என்று இருந்தால் கிராங்க் ஏற்கெனவே 0.010 அங்குலம் அரைக்கப்பட்டது, 020 என்றால் இரண்டு மடங்கு. பிஸ்டன் தலையிலும் இதேபோல் ஓவர்சைஸ் எண் அடித்திருக்கும். ஸ்டாண்டர்ட் அளவில் கிட் வாங்கி வைத்திருந்தால் அதில் பாதி அப்போதே வீண். முகத்தையும் பாருங்கள். சாம்பல் நிறம் சீராக இருந்தால் பேரிங் நன்றாக உழைத்திருக்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது. கோடுகோடாகக் கீறல் இருந்தால் அழுக்கு ஆயில் ஓடியிருக்கிறது.

பிறகு மைக்ரோமீட்டர். கிராங்கில் மெயின் பேரிங் உட்காரும் இடமான மெயின் ஜர்னல் ஸ்டாண்டர்ட் அளவு 2.1262 முதல் 2.1270 அங்குலம், கனெக்டிங் ராடு உட்காரும் பிக் எண்ட் ஜர்னல் 1.8759 முதல் 1.8764 அங்குலம். ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக, இரு ஓரத்திலும் அளந்து எழுதுங்கள். வட்டம் முட்டையாகி ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்துவிட்டாலே அரைக்கக் கொடுக்கலாம். போரை மேலே ரிங் நிற்கும் இடத்தில் அளந்து, கீழே ரிங் தொடாத இடத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.002 அங்குலத்துக்குள் இருந்து, விளிம்பில் நகத்தில் தட்டும் படி இல்லாவிட்டால் ஹோன் செய்து (கல்லால் லேசாகத் தேய்த்து) புது ரிங் போட்டால் போதும். 0.005-ஐ நெருங்கினால் போர் அடித்துப் புதுப் பிஸ்டன் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அது உங்கள் கையில், எத்தனை வருஷம் ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் என்றால் இறக்கிய எஞ்சினில் நடுவில் நிற்கும் போரை அடித்தே விடுவேன். போர் அடிப்பவருக்கு எண் மட்டும் சொல்லாமல் பிஸ்டன்களையே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் கேட்கும் இடைவெளி வேறு. பிஸ்டனை அளந்துதான் அவர் போரை முடிக்க வேண்டும்.

கேம்ஷாஃப்டின் மூன்று பேரிங்குகளை வீட்டில் மாற்ற வேண்டாம். புதிதாக அடித்த பின் நேர்க்கோட்டில் ரீமர் (துளையை அளவுக்குச் சீராக்கும் கருவி) ஓட்ட வேண்டும், அது பட்டறை வேலை. உங்கள் எஞ்சினில் பிஸ்டன் பின் ராடுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டது. அதையும் பட்டறையிலேயே விடுங்கள். சுத்தியலால் அடித்து வளைந்த ராடுகள் எத்தனையோ. கிராங்க், பிளைவீல், கிளட்ச் கவர் மூன்றையும் சேர்த்துப் பேலன்ஸ் செய்யக் கேளுங்கள். இந்தச் செலவு மதிப்புள்ளது, நெடுஞ்சாலையில் வித்தியாசம் தெரியும். லேசாக்கிய பிளைவீல் வேண்டாம் என்பது என் கருத்து. ஊருக்குள் ஓட்டும் வண்டியில் ஐடில் கரடுமுரடாவதுதான் மிஞ்சும்.

ஹெட்டில் முதலில் விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஹெட் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடுவதற்குப் பேர்போனது. பிரஷர் டெஸ்ட் செய்யாமல் சீட்டுக்கும் கைடுக்கும் காசு போடக் கூடாது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் நீண்ட நேரம் வேகமாக ஓடினால் பழைய வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வ் உள்ளே அமிழும், வால்வ் இடைவெளி (டாப்பெட் இடைவெளி என்றும் சொல்வார்கள்) குறைந்துகொண்டே போகும். ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடின எக்ஸாஸ்ட் சீட் நாலும் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓட்டும் வண்டிக்கு இது கட்டாயமில்லை என்று சொல்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்காக இன்னொரு முறை ஹெட்டைக் கழற்றுவது அதைவிடச் செலவு. ராக்கர் ஷாஃப்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ராக்கர் உட்காரும் இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்டும் புஷ்ஷும் மாற்ற வேண்டும். அதைப் பழையதாகவே விட்டால் டாப்பெட்டை எவ்வளவு சரிசெய்தாலும் சத்தம் போகாது.

பட்டறையில் இருந்து பிளாக் திரும்பி வந்ததும் பலர் செய்யும் தவறு, துடைத்துவிட்டு நேராகக் கோர்க்கத் தொடங்குவது. ஹோன் செய்த கல்தூள் ஆயில் பாதைகளில் ஒளிந்திருக்கும். பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு, சோப்பு கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். போர்களையும் அப்படியே. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். உடனே காற்றால் உலர்த்தி ஆயில் பூசுங்கள், தாமதித்தால் கண் முன்னாலேயே துரு பிடிக்கும். புதிதாகச் செய்த எஞ்சின் சீக்கிரமே பேரிங்கைத் தின்றால், முதலில் நான் சந்தேகிப்பது இந்தக் கழுவலைத்தான்.

கோர்க்கும்போது திரஸ்ட் வாஷரின் ஆயில் கோடுகள் பேரிங்கை விட்டு வெளியே, கிராங்கின் பக்கம் பார்க்க வேண்டும். மெயின் கேப் போல்ட் 70 பவுண்டு-அடி (95 நியூட்டன் மீட்டர்). ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும், ஐந்தையும் இறுக்கிவிட்டுத் தேடினால் தெரியாது. பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளங்கள், 0.001 முதல் 0.0027 அங்குலத்துக்குள் வர வேண்டும். உங்கள் 18வி எஞ்சினின் ராடு நேராகப் பிளந்த வகை, அதன் நட்டுக்கு 33 பவுண்டு-அடி (45 நியூட்டன் மீட்டர்). முந்தைய எஞ்சின்களில் இருக்கும் சாய்வாகப் பிளந்த ராடுக்கு 35 முதல் 40. யாராவது பழைய ராடைப் போட்டிருக்கலாம், கழற்றும்போதே பார்த்து வையுங்கள். ரிங்கைப் போருக்குள் தனியாக விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். 0.012 அங்குலத்துக்குக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

டைமிங் சக்கரங்களின் இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்து, சக்கர மையங்களை இணைக்கும் கோட்டில் நிற்க வேண்டும். முன் கவரின் போல்ட்டுகளை இறுக்கும் முன் புல்லியைச் சீலுக்குள் விட்டு மையப்படுத்துங்கள், இல்லாவிட்டால் சீல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து ஒழுகும். கேம் புதிதென்றால் டாப்பெட் எட்டும் புதிதாக இருக்க வேண்டும். பழைய டாப்பெட் புதுக் கேமை அரைத்துவிடும். கேம் முகத்துக்கு அதற்கென்று விற்கும் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுங்கள். ஆயில் பம்ப்புக்குள் வாசலின் அடைத்து வைத்தால் முதல் சுற்றிலேயே உறிஞ்சத் தொடங்கும். ஹெட் நட் 45 முதல் 50 பவுண்டு-அடி, நடுவில் தொடங்கி வெளியே, மூன்று சுற்றாக. வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை, ஏழு திறந்திருக்கும்போது இரண்டை, இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி பார்த்தால் குழப்பமில்லை.

இனி கிளட்ச்சுக்குத் திரும்புவோம். புது பிளேட் போடும் முன் பழைய பிளேட்டில் ஆயில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் இதே வேலை மறுபடி வரும். ஐந்து பேரிங் எஞ்சினில் கிராங்கின் பின்னால் ரப்பர் உதட்டுச் சீல் இருக்கிறது. பிளைவீல் கழன்றிருக்கும்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள், சீல் நன்றாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். கிராங்க் விளிம்பில் பழைய சீல் உதடு கோடு போட்டிருந்தால், புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து உதடு புது இரும்பில் ஓடும்படி செய்யுங்கள். கியர்பாக்ஸ் முன் கவரின் சீலையும் அப்படியே மாற்றுங்கள். கிராங்கின் பின் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் சின்ன வெண்கல புஷ் ஒன்று இருக்கிறது. விலை மிகக் குறைவு, அது தேய்ந்தால் கிளட்ச் விடாது, கியர் கரகரக்கும். அதை எடுக்க, துளை நிறைய கிரீஸ் அடைத்து, துளைக்குச் சரியாக இறங்கும் கம்பியை வைத்துத் தட்டுங்கள், கிரீஸ் அழுத்தத்தில் புஷ் தானே வெளியே வரும். புதிய புஷ்ஷை ஒரு இரவு எஞ்சின் ஆயிலில் ஊறவிட்டுப் போடுங்கள். அதன் துளைகளில் ஏறும் அந்த ஆயில்தான் அதற்கு ஆயுள் முழுக்க மசகு.

பிளைவீல் முகத்தில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருந்தால் லேத்தில் லேசாக முகம் எடுக்கக் கொடுங்கள். போல்ட் ஆறும் 40 பவுண்டு-அடி (54 நியூட்டன் மீட்டர்), பூட்டுத் தகடு புதிது. பிரேக் கிளீனரால் முகத்தைத் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி ஒரு பக்கம் புடைத்திருக்கும், அந்தப் பக்கம் கியர்பாக்ஸை நோக்கி. மையப்படுத்தும் கருவியை விட்டு, கவரின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கி, கடைசியில் 25 முதல் 30 பவுண்டு-அடி. ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் கவர் கோணிவிடும். ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் ஒரு பூச்சு போதும். பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். மிச்சமிருந்தால் அது லைனிங்குக்குத்தான் போகும்.

ரிலீஸ் பேரிங் இந்த வண்டியில் உருளை கிடையாது, கார்பன் வளையம். பிளேட், கவர், இது மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள். ஃபோர்க்கின் புஷ்ஷும் அதன் போல்ட்டும் தளர்ந்திருந்தால் வளையம் சாய்ந்து உட்கார்ந்து சீக்கிரம் தேயும், அதனால் அவற்றையும் மாற்றுங்கள். கார்பனுக்குப் பதில் உருளை பேரிங் விற்கிறார்கள். சிலருக்கு நன்றாக ஓடுகிறது, சிலருக்குச் சத்தம் போட்டுச் சீக்கிரம் போயிருக்கிறது. சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கார்பன் வளையமே நெடுங்காலம் வரும். பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் சேரும் இடத்தில் உள்ள பின்னைக் கழற்றிப் பாருங்கள். அது நடுவில் இடுப்பு போட்டதுபோல் தேய்ந்திருந்தால் பெடல் அசையும் தூரத்தில் ஒரு பகுதி வீணாகிறது, புதுக் கிளட்ச்சும் முழுக்க விடாது.

ஏற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக் நாலையும் கழற்றி, ஆயில் மீட்டரில் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்ததும், கேம் புதிதாக இருந்தால் ஐடிலுக்கு விடாமல் நேரே 2,000 சுற்றுக்கு ஏற்றி இருபது நிமிடம் பிடியுங்கள். இந்த எஞ்சினில் கேமுக்கு ஆயில், கிராங்க் தெளிப்பதில் இருந்துதான் வருகிறது. ஐடிலில் அந்தத் தெளிப்பு போதாது. அதனால் ஸ்டார்ட் ஆவதற்கான எல்லாமே, டைமிங், பெட்ரோல், கூலன்ட், முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். ஆயில் 20W-50 மினரல், துத்தநாகச் சேர்ப்பு அதிகம் உள்ளதாகப் பழைய வண்டிகளுக்கென்று விற்பது. ரிங் படிவதற்குச் சாலையில் மிதமான பாரம் தேவை. மூன்றாவது, நாலாவது கியரில் மிதித்து வேகம் ஏற்றி, விட்டுத் தானே குறைய விடுங்கள், இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓட விடுவது போர் முகத்தை மெழுகிவிடும், பிறகு ஆயில் குடிப்பது நிற்காது.

800 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஹெட் நட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்பது நீங்கள் போட்ட கேஸ்கெட்டைப் பொறுத்தது, உறையில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். இறுக்கினால் வால்வ் இடைவெளியை மீண்டும் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சின்னத் துளையையும் பாருங்கள். அங்கே ஒரு சொட்டுத் தொங்கினால் எஞ்சின் சீலா, கியர்பாக்ஸ் சீலா என்று மணத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் கியர்பாக்ஸிலும் ஓடுவது எஞ்சின் ஆயில்தான். இரண்டின் அளவையும் டிப்ஸ்டிக்கில் குறித்து வைத்து, எது இறங்குகிறது என்று ஒரு மாதம் கவனித்த பிறகே மறுபடி ஹாயிஸ்ட்டைத் தொடுங்கள்.